வெளிநாட்டில் ஓ.டி.பி. வராவிட்டால் பணமும் நகராது

வெளிநாடு கிளம்பும்போது போனுக்கு ஒரு பட்டியல், பணத்துக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போடுவார்கள். நான் ஒரே பட்டியலாகப் போடுவேன், அதுவும் போனில் தொடங்கி. கார்டில் ஆன்லைனில் கட்டுவது, புதிய பெயரைச் சேர்த்துப் பணம் அனுப்புவது, முடங்கிய கணக்கைத் திறப்பது என எதற்கும் பல வங்கிகள் கேட்பது பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைத்தான். அந்த எண் உறங்கிவிட்டால் கணக்கில் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஆகவே சொந்த சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போடக் கூடாது. அது போனிலேயே இருக்கட்டும், அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும். அந்த லைனில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, இணையத்துக்கு இரண்டாவது சிம்மை வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் ரோமிங்கில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. வரும் அழைப்பை எடுத்தால் வாங்குவார்கள். கிளம்பும் முன்பே கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி ஒன்று: பேக் எதுவும் வாங்காமல் எஸ்.எம்.எஸ். மட்டும் வரும்படி ரோமிங்கை இயக்க முடியுமா? சில இடங்களில் முடியாது, குறைந்தபட்ச பேக் போட்டே ஆக வேண்டும். ப்ரீபெய்டு என்றால் வேலிடிட்டி திரும்பும் தேதியைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள்.

டேட்டா ரோமிங்கை அணைத்தும் பில் எகிறியது என்பவர்களில் சிலருக்குக் காரணம் வேறொரு பட்டன். இரண்டு சிம் போன்களில், டேட்டா சிம்மின் சிக்னல் குறைந்தால் தானாக மற்ற லைனுக்குத் தாவும் வசதி உண்டு. அதை அணைத்தே வைக்க வேண்டும். இன்னொரு காரணம் வாய்ஸ்மெயில். நீங்கள் எடுக்காத அழைப்பு முதலில் வெளிநாட்டில் இருக்கும் போனுக்கு வந்து, பிறகு உங்கள் நாட்டு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பிப் போகும். சில நிறுவனங்கள் வந்ததற்கு ஒன்று, போனதற்கு ஒன்று என இரண்டு கட்டணம் போடும். ##002# என்று அழுத்தி டயல் செய்தால் வாய்ஸ்மெயிலுக்குத் திருப்புவது உட்பட, அழைப்பை வேறிடத்துக்குத் திருப்பிவிடும் எல்லா ஃபார்வர்டிங்கும் பொதுவாக ரத்தாகும். இதைக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

டேட்டாவுக்கு இ-சிம் (தனி அட்டை இல்லாமல் போனிலேயே நிறுவும் சிம்) வசதியானது. போன் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு லாக் செய்யப்பட்டிருக்கக் கூடாது. *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ.யுடன் 32 இலக்க இ.ஐ.டி. எண்ணும் தெரிந்தால் போனில் இ-சிம் உண்டு. நிறுவுவதற்கே இணையம் வேண்டும் என்பதால் வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுங்கள். ஆனால் திட்டத்தின் நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று முதலில் படிக்க வேண்டும்: சிலவற்றில் நிறுவிய நிமிடத்தில், சிலவற்றில் அங்கே நெட்வொர்க்கைப் பிடித்த பிறகு. க்யூ.ஆர். கோடு பெரும்பாலும் ஒரே முறைதான் செல்லும். வேலை செய்யவில்லையே என்று இ-சிம்மை டெலீட் செய்தால் காசு போனதுதான். அப்படி வேலை செய்யாததற்கு அடிக்கடி இருக்கும் காரணம் சின்னது. பயண இ-சிம்களில் பலவும் மூன்றாவது நாட்டு நிறுவனத்துடையவை, அங்கே அவையும் ரோமிங்கில்தான் ஓடுகின்றன. எனவே இ-சிம் லைனில் மட்டும் டேட்டா ரோமிங் இயங்க வேண்டும். சொந்த சிம்மில் அணை, இ-சிம்மில் போடு. இதை மாற்றிச் செய்வதுதான் வழக்கமான குளறுபடி. அதற்கும் மசியவில்லை என்றால் போன் செட்டிங்ஸில் ஏ.பி.என். பெயரை (இணையத்துக்கான நுழைவாயிலின் பெயர்) சரிபாருங்கள்.

இப்படிப்பட்ட இ-சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும் தரும், எண் தராது. வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டோ பேக்கப்பையும் ஆப் அப்டேட்டையும் வைஃபைக்கு மட்டும் ஒதுக்குங்கள், மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஹெச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. வரை விழுங்கும். கப்பலிலும் விமானத்திலும் ஏர்பிளேன் மோட். அங்கே போன் பிடிப்பது செயற்கைக்கோள் வழி நெட்வொர்க், சாதாரண ரோமிங் பேக் அதில் செல்லாது.

இனி வங்கி ஆப். பல ஆப்கள் குறிப்பிட்ட போனோடும் சிம்மோடும் பிணைக்கப்பட்டவை. ஆப்பை நீக்கி மறுபடி நிறுவினால், அது பதிவு எண்ணிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி உறுதிசெய்யச் சொல்லலாம். ரோமிங்கில் அது போகாமல் நின்றால் வெளியே மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே பயணத்துக்கு முந்தைய வாரம் போன் மாற்றாதீர்கள், அங்கே போய் ரீசெட் செய்யாதீர்கள். வங்கி அனுமதித்தால் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதில் போனிலேயே குறியீட்டு எண்ணை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்பைப் போட்டுவிடுங்கள். பொதுவாக 30 விநாடிக்கு ஒரு முறை மாறும் அந்த 6 இலக்கத்துக்கு சிக்னலே வேண்டாம். போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும், எனவே நேரம் தானாக அமையும்படி விடுங்கள். சிம்முக்கு பின் எண் பூட்டுப் போட்டிருந்தால், அந்தப் பூட்டைத் திறக்கும் பி.யு.கே. எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்: மூன்று முறை தவறினால் பின் பூட்டிக்கொள்ளும், பி.யு.கே.யைப் பத்து முறை தவறவிட்டால் சிம் செத்துவிடும். கார்டை முடக்கும் வங்கி எண்ணும் அதே தாளில் இருக்கட்டும். போன் திருடுபோனால் போனில் சேமித்த எண் எதற்கு உதவும்?

கார்டில் பணம் கட்டும்போது கருவி கேட்கும்: உள்ளூர் நாணயமா, உங்கள் நாட்டு நாணயமா? எப்போதும் உள்ளூர் நாணயம். உங்கள் நாணயத்தைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்தக் கடையின் தரப்பு வைக்கும், அதில் தாராளமாக லாபமும் வைக்கும். ஏ.டி.எம்.மில் இதே கேள்வி கொஞ்சம் மிரட்டலாக வரும்; மாற்ற வேண்டாம் என்று மறுத்தாலும் பணம் வரும், பயப்பட வேண்டாம். ஏ.டி.எம். வைத்திருப்பவர் கட்டணம், உங்கள் வங்கிக் கட்டணம், அந்நியச் செலாவணி மார்க்கப் (நாணயம் மாற்றுவதற்கு விகிதத்தின் மேல் கூட்டும் தொகை) என மூன்றும் சேர்வதால், சிறுகச் சிறுக எடுப்பதைவிட ஒரே தடவையாக எடுப்பது மலிவு. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். ஹோட்டலும் வாடகைக் காரும் முன்பணமாக ஒரு தொகையை முடக்கி வைக்கும், விடுபடச் சில நாள் ஆகும். அதற்கு டெபிட் கார்டைக் கொடுத்தால் செலவுக்கு வைத்த பணமே முடங்கும்.

பணம் அனுப்புவதில் 'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 டாலர் அனுப்புகிறீர்கள், சந்தை விகிதம் 0.90 யூரோ என்று வையுங்கள். கட்டணமே வாங்காதவர் 0.873 தருகிறார்: கிடைப்பது 873 யூரோ. 6 டாலர் கட்டணம் வாங்கி 994 டாலரைச் சந்தை விகிதத்தில் மாற்றுபவர் தருவது 894.60. கேட்க வேண்டியது கட்டணம் எவ்வளவு என்பதை அல்ல, எதிர்முனையில் கையில் எவ்வளவு விழும் என்பதை. அதையும் ஒரே நேரத்தில் ஒப்பிட வேண்டும். காலை விகிதமும் மாலை விகிதமும் வேறு. சனி, ஞாயிறில் சந்தை மூடியிருப்பதால் சில சேவைகள் அன்று கூடுதல் மார்ஜின் வைக்கும்.

வங்கி வழி வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஸ்விஃப்ட், அதாவது வங்கிகளுக்கு இடையிலான செய்தி வலையமைப்பு. அது பணத்தைத் தூக்கிச் செல்வதில்லை, செய்தியைத்தான் கொண்டுசெல்கிறது. பணம் இடையிலுள்ள வங்கிகளின் கணக்குகளில் கைமாறுகிறது, ஒவ்வொன்றும் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளலாம். படிவத்தில் ஓ.யு.ஆர்., எஸ்.எச்.ஏ., பி.இ.என். என மூன்று தேர்வுகள் இருக்கும்: முழுக் கட்டணமும் அனுப்புபவருக்கு, இருவருக்கும் பங்கு, பெறுபவருக்கு. கல்லூரிக் கட்டணம்போல் தொகை குறையவே கூடாது என்றால் ஓ.யு.ஆர். மட்டுமே. எஸ்.எச்.ஏ. போட்டால் சில டாலர் குறைந்து போய்ச் சேர்ந்து, கட்டணம் முழுமையாகக் கட்டப்படவில்லை என்று கடிதம் வரும்.

பெறும் வங்கியை அடையாளம் காட்டும் பி.ஐ.சி. என்ற ஸ்விஃப்ட் கோடு 8 அல்லது 11 எழுத்து. 11 என்றால் கடைசி மூன்று கிளையைக் குறிக்கும். ஐபேன் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) பயன்படும் நாடுகளில் ஓர் இலக்கம் மாறினாலும் சரிபார்ப்பு எண் அனேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லா நாட்டுக் கணக்கு எண்ணுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை, எனவே எழுதி அனுப்பச் சொல்லி காப்பி-பேஸ்ட் செய்வதே உத்தமம். பெயர் வங்கியில் உள்ளபடி, இனிஷியல் உட்பட. பெயர் பொருந்தாமல் திரும்பும் பணம் கட்டணத்தை இழந்து, மறுபடி நாணயம் மாறி, இளைத்துத்தான் வரும்.

பணம் நடுவழியில் நின்றால் பெறுபவர் தன் வங்கியைத் துளைத்துப் பெரிதாகப் பலன் இருக்காது. அனுப்பியவர் தன் வங்கியிடம் பணம் போகும் தடத்தைக் காட்டும் யு.இ.டி.ஆர். என்ற 36 குறிகள் நீளமுள்ள எண்ணையும், எம்.டி.103 என்று இன்னும் வழங்கும் பரிமாற்ற நகலையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணை வைத்து எந்த வங்கியில், எதற்காக நிற்கிறது என்று அவர்கள் பார்த்துச் சொல்ல முடியும். பல சமயம் காரணம் சப்பையாக இருக்கும்: பணம் எதற்கு என்ற கட்டம் காலி, அல்லது பணம் வந்த வழிக்குச் சான்று கேட்ட மின்னஞ்சல் ஸ்பேமில் கிடக்கிறது.