பெரிய படத்துக்கு எந்த ஸ்க்ரீன்?

ஒரு பெரிய படம் வெளியானதும் இன்ட்ரோ, இடைவேளை, பின்னணி இசை, கிளைமாக்ஸ் என்று எல்லாவற்றையும் அலசித் தீர்த்துவிடுகிறோம். எந்த ஸ்க்ரீனில் பார்த்தோம் என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. "படம் ரொம்ப இருட்டு", "வசனமே புரியல" என்று விழும் பழிகளில் பல, ஒளிப்பதிவாளரையோ சவுண்ட் மிக்ஸிங்கையோ சேராது. அந்த அரங்கின் விளக்கையும் வால்யூமையும்தான் சேரும்.

திரையின் வடிவத்திலிருந்து தொடங்கலாம். இன்றைய படங்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வருகின்றன: ஃப்ளாட், அதாவது உயரத்தைப்போல் 1.85 மடங்கு அகலம் (1.85:1), ஸ்கோப், அதாவது 2.39 மடங்கு அகலம் (2.39:1). தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. உயரம் குறையாமல் இருபக்கமும் விரிகிற திரைதான் ஸ்கோப்பின் கவர்ச்சியே. ஆனால் மல்ட்டிப்ளெக்ஸ்களில் பல திரைகள் ஃப்ளாட் வடிவத்துக்கு நெருக்கமாகக் கட்டப்பட்டவை. அங்கே ஸ்கோப் படம் அகலத்தை நிரப்பிவிட்டு மேலேயும் கீழேயும் இடம் விட்டு நிற்கும். 40 அடி அகலத் திரை என்றால் ஃப்ளாட் படத்துக்கு ஏறக்குறைய 21.6 அடி உயரம் கிடைக்கும், ஸ்கோப்புக்கு 16.7 அடிதான். போர்க்களமும் கோட்டையும் காட்ட ஸ்கோப்பில் எடுத்த படம், நாலு சுவருக்குள் நடக்கும் ஃப்ளாட் படத்தைவிடச் சின்னதாகத் தெரியும். அந்த வெற்றிடத்தைக் கருப்புத் துணியால் மூடும் மாஸ்கிங்கும் இல்லையென்றால் மேலும் கீழும் சாம்பல் பட்டை ஒன்று கடைசிவரை கண்ணை உறுத்தும். ஸ்கோப் படத்துக்கு அகலமான திரையுள்ள அரங்கைத் தேடிப் போவது வீண் அலைச்சல் அல்ல.

ஐமேக்ஸ் டிக்கெட் எடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் படத்தில் உயரம் கூடும் காட்சிகள் உண்டா? டிஜிட்டல் ஐமேக்ஸ் திரைகள் பெரும்பாலும் 1.90:1. பழைய 70 எம்எம் ஃபிலிம் ஐமேக்ஸும் அதற்கு இணையான சில லேசர் அரங்குகளும் 1.43:1. அந்த உயரத்துக்கென்றே படமாக்கிய காட்சிகள் இருந்தால் கூடுதல் பணம் நியாயம். முழுப் படமும் ஸ்கோப்பில்தான் என்றால் அங்கேயும் மேலும் கீழும் காலியாகவே இருக்கும். பெரிய திரையும் நல்ல ஒலியும்தான் லாபம்.

அடுத்தது வெளிச்சம். என் கணக்கில் ரசிகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது 48 நிட் வெளிச்சம் விழ வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் விதி. அந்த அளவை நம்பித்தான் படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீராக்கும் கலர் கிரேடிங்கே நடக்கிறது. ப்ரொஜெக்டரில் இருக்கும் செனான் விளக்கு எரிய எரிய மங்கும். மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் இரவுச் சண்டை முழுக்கச் சேறாகிவிடும். திரையின் அகலம் இரண்டு மடங்கானால் அதே வெளிச்சத்துக்கு நான்கு மடங்கு ஒளி வேண்டும். அதனால்தான் மிகப் பெரிய திரையில் பழைய விளக்கு, நடுத்தரத் திரையில் நல்ல விளக்கிடம் தோற்கிறது. லேசர் ப்ரொஜெக்டர் இருந்தால் இந்தக் கவலை வெகுவாகக் குறையும்.

3டியில் நிலைமை இன்னும் மோசம். ப்ரொஜெக்டர் முன்னுள்ள ஃபில்டரும் நம் கண்ணாடியும் ஒளியை விழுங்கியபின் 4, 5 ஃபுட்-லாம்பர்ட்டில் ஓடும் காட்சிகள் சகஜம். போலரைஸ்டு கண்ணாடி தரும் 3டிக்குப் போடும் வெள்ளிப் பூச்சுத் திரைக்கு இன்னொரு குணம் உண்டு: நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் தெரியும், 2டி படம் ஓடும்போதும் அப்படித்தான். ஆகவே 3டிக்கு நடு இருக்கை கிடைக்காவிட்டால் 2டிக்கே போகலாம். 2டியில் எடுத்துப் பின்னால் 3டியாக மாற்றிய படம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஒலிக்கும் ஓர் அளவு உண்டு. ஃபேடர், அதாவது அரங்கின் வால்யூம் குமிழ், 7இல் இருக்கும்போது திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் தரும்படி அரங்கைச் சரிசெய்கிறார்கள். மிக்ஸிங் தியேட்டரிலும் இதே அளவுதான். விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கிறது என்று யாராவது புகார் சொன்னதும் 5க்கோ 4க்கோ இறக்கிவிடுவார்கள். படம் தொடங்கியபின் ஏற்ற மறந்துவிடுவார்கள். 7இலிருந்து 4க்கு இறங்கினால் 10 டெசிபல் போச்சு, காதுக்குப் பாதி சத்தம். 4க்குக் கீழே ஒவ்வொரு எண்ணுக்கும் 20 டெசிபல் சரியும். வெடிச்சத்தம் அப்போதும் கேட்கும். கதாநாயகன் அடிக்குரலில் சொல்லும் வரிதான் ஏசி இரைச்சலில் கரைந்துபோகும். எல்லாம் கேட்டு வசனம் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தால் வேறு கோளாறு: வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது, அதில் ஏதோ பழுது.

முதல் நாள் முதல் காட்சியில் இதெல்லாம் எடுபடாது. விசிலுக்கு மேல் கேட்கட்டும் என்று வால்யூமை ஏற்றுவார்கள், ஆம்ப்ளிஃபயர் திணறிக் குரல்கள் கரகரக்கும். அந்தக் கொண்டாட்டத்துக்கு ஈடே இல்லை, கட்டாயம் போக வேண்டும். படத்தைக் கேட்க மட்டும் இரண்டாவது வாரத்தில் பாதி நிறைந்த ஒரு காட்சிக்குப் போய்ப் பாருங்கள். பின்னணி இசையில் அடியில் ஓடும் இழை அப்போதுதான் காதில் விழும்.

இருக்கைக்கு ஓர் எளிய அளவு: திரையின் அகலம்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் திரை சுமார் 40 டிகிரி விரிந்து நிற்கும். 1.9 மடங்கைத் தாண்டினால் 30 டிகிரிக்குக் கீழே போய்விடும், பெரிய படத்துக்கு அது போதாது. ஒலியைச் சரிபார்க்கும் மைக்கைப் பெரும்பாலும் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தைச் சுற்றித்தான் வைப்பார்கள். அந்த வரிசையின் நடுப்பகுதி ஒலிக்கு ஏற்றது. ஒன்றிரண்டு வரிசை முன்னால் வந்தால் படத்துக்கும் நல்லது. கடைசி வரிசையிலும் சுவரோரத்திலும் பக்கத்து ஸ்பீக்கரே எல்லாவற்றையும் மூடிவிடும். கூரையிலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் அரங்கில் மேலேயுள்ள இரண்டு ஸ்பீக்கர் வரிசைகளுக்கு இடையில் இடம் பிடியுங்கள், மழை நிஜமாகவே தலைமேல் பெய்யும்.

பெயர்கள் ஓடும்போது எழுத்தின் விளிம்பைக் கவனியுங்கள். நடுவில் கூர்மையாகவும் ஓரத்தில் கலங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் சரியில்லை. டிரெய்லரைச் சுற்றி நாலு பக்கமும் கருப்பு இருந்தால் பதற வேண்டாம், அது வேறு அளவில் வந்த டிரெய்லர். படம் தொடங்கியும் அப்படியே இருந்தால்தான் தவறு. 2டி படம் வெளிறி மங்கலாக இருந்தால் 3டி ஃபில்டரை எடுக்க மறந்திருக்கலாம்.

உடனே எழுந்து போய்ச் சொல்லுங்கள். பல அரங்குகளில் ப்ரொஜெக்டர் கேபினில் ஆளே இருப்பதில்லை; எல்லாம் தானாக ஓடும், ஒருவர் வந்து சொல்லாமல் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. "படம் சரியில்ல" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "இடது ஓரம் ஃபோகஸ் இல்ல, நடு ஸ்பீக்கர் வரல, ஃபேடர் எதுல இருக்குன்னு பாருங்க" என்று குறிப்பாகச் சொன்னால், முதல் பாட்டு வருவதற்குள் சரியாகிவிட வாய்ப்பு உண்டு.