கையெழுத்துப் போடும் முன் ரோஸ்டரை (பணி அட்டவணையை) பாருங்கள்

சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று மீனம்பாக்கத்தில் விமானிகள் பேச ஆரம்பித்தாலே சம்பளத் தொகைதான் முதலில் வருகிறது. மல்லுக்கட்ட வேண்டியது தொகைக்கு அல்ல, எந்த நேரத்துக்குச் சம்பளம் என்பதற்கு.

பல ஒப்பந்தங்களில் பறப்புப்படி, அதாவது பறப்பதற்கான படித்தொகை, பிளாக் நேரத்துக்கு மட்டுமே. புறப்பட விமானம் நகர்ந்ததிலிருந்து இறங்கி பே-யில் (நிறுத்துமிடத்தில்) நிற்கும் வரைதான் பிளாக் நேரம். டெல்லியில் பனிமூட்டம், இங்கே பயணிகளை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருப்பு என்றால், பணிநேரக் கணக்கு ஓடும், படி ஓடாது. அழைத்தால் வரத் தயாராக இருக்கும் ஸ்டாண்ட்பை, தரையில் நடக்கும் சிமுலேட்டர் பயிற்சி, சீருடையோடு பயணி இருக்கையில் போகும் டெட்ஹெட், இவற்றுக்கு என்ன விகிதம்? குறைவாகப் பறந்தாலும் சம்பளம் உண்டு என்ற மாத உத்தரவாத மணிநேரம், விடுப்பு எடுத்தால் குறையுமா? வாய்ப்பேச்சு உதவாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024-ல் திருத்திய விதி, விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கியது. அது பாதுகாப்புக்கான கீழ்வரம்புதான். முந்தைய இரவு ரோஸ்டரை மாற்றினால் இழப்பீடு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில்தான் வாங்க வேண்டும். “பிடிக்கலன்னா வேற கம்பெனி” என்பவர்கள், வேலையை விட கேப்டன் ஓராண்டு, துணை விமானி ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்ற நோட்டீஸ் விதியை மறந்துவிடுகிறார்கள்.

சங்கத்தைப் பதிவு செய்வது வேறு, நிர்வாகம் அதை அங்கீகரிப்பது வேறு. கேப்டன்கள் மட்டும் கூடினால் பயிற்சி பாண்ட் (பயிற்சிக்கு ஈடாக இத்தனை காலம் வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) விவகாரம் மேசைக்கே வராது. அதில் மாட்டியிருப்பவர்கள் பெரும்பாலும் இளைய துணை விமானிகள்.