கடை மூடிய பின் நடக்கும் வியாபாரம்

எங்கள் தோட்டத்துச் சந்திக் கடையின் முன்கதவு அடைக்கப்பட்ட பின்னரும், பக்கத்து ஜன்னல் வழியாகச் சாராயக் கால் போத்தல்கள் நள்ளிரவு வரை கைமாறுவதும், பத்தாந் திகதிச் சம்பளத்தை அடுத்து அந்த வியாபாரம் இரட்டிப்பாவதும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அனைவரும் அறிந்ததே. அனுமதிப்பத்திரம் உள்ள மதுக்கடைகள்கூட போயா எனும் பௌர்ணமி தினத்தில் மூடப்பட வேண்டும். இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது குற்றம். அந்த ஜன்னலுக்கோ போயாவும் தெரியாது, வயதும் தெரியாது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டிய பெண்கள், வாசலில் நடக்கும் சண்டையால் உறக்கமின்றி எழுகிறார்கள்.

கடைக்காரர் பொல்லாதவர் அல்லர். மாதம் முழுவதும் அரிசியும் மாவும் கடனுக்குத் தருபவர். எவரும் வாய் திறக்காததற்கு அந்தக் கடன் கொப்பியே காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே மதுவரித் திணைக்களத்துக்கு அனுப்பும் மனுவில் தனித்தனிப் பெயர்களின்றி, லயத்தார் அனைவரும் ஒன்றாகக் கையெழுத்திட வேண்டுமெனக் கேட்டிருக்கிறேன்.