அரிசி தின்ற ஒன்றரை வருடம்

ஒன்றரை வருடமாக வேகாத அரிசியைத் தின்றுகொண்டிருந்தேன். இட்லிக்கு ஊறவைத்தால் ஒரு பிடி, உலைக்குக் களைந்தால் ஒரு பிடி. கொலுசுப் பட்டறைக்குப் போகும்போது பையில் ஒரு பொட்டலம். "அரிசி தின்னா சோகை பிடிக்கும் அம்மணி" என்று அத்தை கண்டிப்பார். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இது என்ன பழக்கம் என்று எனக்கே வெட்கம். ஆனால் அந்த வாசனை வந்தால் கை நிற்காது.

மே மாதம் ஏற்காடு போனோம். சேர்வராயன் கோயில் மேட்டில் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். சேலம் திரும்பியதும் டாக்டரிடம் போனேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர், "அரிசி, சாக்பீஸ், மண், ஐஸ்னு ஏதாவது திங்கத் தோணுதாம்மா?" என்று கேட்டார். அழுதேவிட்டேன்.

ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்குக் குறைந்தது 12 வேண்டும். காரணம், மாதாமாதம் அதிக ரத்தப்போக்கு. அதற்குத் தனி வைத்தியம்.

அத்தை சொன்னது தலைகீழ். இரும்புச்சத்து குறைந்து சோகை வந்ததால்தான் அரிசி ஆசை. இதற்குப் பைகா என்று பெயராம். உடம்பில் உப்பு குறைந்தால் மூளை உப்பையே தேட வைக்கும். ஆடு மாடு உப்பை நக்குவது அப்படித்தான். ஆனால் இரும்பு குறைந்தால் குறி தவறி, உடம்பில் சேரும் இரும்பு அதிகம் இல்லாத அரிசியிலும் மண்ணிலும் போய் நிற்கிறது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் உருவாக இரும்பு தேவை, அது குறைவதால் இருக்கலாம் என்றார் டாக்டர்.

இரும்பு மாத்திரைதான் பாடாய்ப் படுத்தியது. குமட்டல், மலச்சிக்கல், மலம் கருப்பாகப் போனது. கருப்பு நிறம் மாத்திரையால்தான், பயப்படாதே என்றார்கள். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார்கள். தினமும் போட்டால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த மாத்திரையின் இரும்பைக் குடல் உறிஞ்சாமல் தடுக்குமாம். காபியை மாத்திரையிலிருந்து தள்ளி வைத்தேன், எலுமிச்சைச் சாறோடு விழுங்கினேன். உடம்பு ஒத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் இட்லிக்கு அரிசி களைந்து ஊறவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது, ஒரு மணிகூட வாயில் போடவில்லை. அப்போது ரத்தம் பெரிதாக ஏறியிருக்கவில்லை; ஒரு மாதம் கழித்துத்தான் 8.9. ஆசை அதற்கு முன்பே போய்விட்டது.

நான்கு மாதத்தில் 12 தொட்டேன். உள்ளே இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை உண்டு.

பட்டறையில் என் பக்கத்தில் உட்காரும் பெண் திருநீறு தின்கிறாள். நேற்று அவளைக் கூட்டிப்போய் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன்.