லாகின் ஆன கையோடு லாகவுட்: செஷனைத் தனி டேட்டாபேஸுக்கு மாற்றிய அனுபவம்

மாணவர்கள் விண்ணப்பம் போடும் தளம் ஒன்றை எங்கள் குழு ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் கட்டும் கட்டமைப்பு) நடத்திவருகிறது. கடைசித் தேதி நெருங்கினால் கூட்டம் அம்மிவிடும். போன முறை அதைச் சமாளிக்க, எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸுக்கு ஒரு ரெப்ளிகா, அதாவது மூலத்தைத் தொடர்ந்து நகலெடுக்கும் இன்னொரு சர்வர், சேர்த்தோம். எழுதுவதெல்லாம் மூல சர்வரான பிரைமரியில், படிப்பதெல்லாம் ரெப்ளிகாவில். எது எந்த டேட்டாபேஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ரவுட்டரை எழுதியது நான்தான்.

இரண்டாம் நாளே போன் வர ஆரம்பித்தது. "சார், பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், திரும்பத் திரும்ப லாகின் பக்கமே வருது." ஒருவருக்கு இப்படி ஆகும், பக்கத்தில் இருப்பவருக்கு ஆகாது. என் கணினியில் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. மறுமுனையில் பதற்றத்தோடு ஒரு மாணவி காத்திருக்க, "இங்கே சரியாக இருக்கிறதே" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரெப்ளிகா பின்தங்குவதால் இருக்குமோ என்று தோன்றியது. போஸ்ட்கிரெஸ்ஸில் 'ரெக்கவரி மின் அப்ளை டிலே' என்று ஓர் அமைப்பு உண்டு. ரெப்ளிகாவை வேண்டுமென்றே பின்தங்க வைக்கும். சோதனைச் சர்வரில் அதை 5 நொடி என்று வைத்தேன். அவ்வளவுதான், முதல் லாகினிலேயே அதே கோளாறு என் கண்முன் வந்தது.

நடந்தது இதுதான். லாகின் ஆனதும் ஜாங்கோ புதிய செஷனை, அதாவது யார் உள்ளே வந்திருக்கிறார் என்ற பதிவை, பிரைமரியில் எழுதுகிறது. அடுத்த பக்கம் அதை ரெப்ளிகாவில் தேடுகிறது. அந்த வரி இன்னும் அங்கே வந்து சேரவில்லை. இதோடு போயிருந்தால் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் சரியாகியிருக்கும். ஆனால் செஷன் கிடைக்கவில்லை என்றால் ஜாங்கோ அதைக் காலி செஷனாக எடுத்துக்கொண்டு, அதை அடையாளம் காட்ட பிரவுசரில் இருக்கும் செஷன் குக்கியையும் அழித்துவிடுகிறது. ஒரு நொடி தாமதத்துக்கு முழு லாகவுட். ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் இடையில் கையாளும் மிடில்வேர் கோடைத் திறந்து அந்த வரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் முழுசாகப் பிடிபட்டது.

அன்றைக்கு உடனடி மருந்தாக, செஷனை மட்டும் படிப்பதும் பிரைமரியிலேயே என்று ரவுட்டரை மாற்றினேன். போன் நின்றது. ஆனால் பிரைமரி மூச்சுத் திணறியது. பாதி நிரப்பிய விண்ணப்பத்தைச் செஷனில்தான் வைத்திருந்தோம். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் சேமிக்கும்படியும் அமைத்திருந்தோம். அந்த எழுத்தெல்லாம் ரெப்ளிகாவுக்கும் போய், அதன் தாமதத்தை இன்னும் கூட்டியது. தற்காலிக நினைவகமான கேஷில் மட்டும் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கேஷ் ரீஸ்டார்ட் ஆனால் பிள்ளைகள் தட்டச்சு செய்தது போய்விடுமே என்று நான் ஒப்பவில்லை.

அப்புறம்தான் தனி டேட்டாபேஸ் என்று முடிவானது. அதே சர்வரில் இன்னொரு டேட்டாபேஸ் போட்டால் பயனில்லை, ஏனென்றால் ரெப்ளிகா சர்வர் முழுவதையும் நகலெடுக்கிறது. தனிச் சர்வரே வேண்டும். நல்லவேளையாக, செஷன் டேபிளுக்கும் யூசர் டேபிளுக்கும் ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு கட்டும் இணைப்பு) கிடையாது. யூசர் ஐடி செஷன் டேட்டாவுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. அதனால் பிரிப்பதில் சிக்கல் இல்லை.

சிக்கல், டேபிள்களை உருவாக்கும் மைக்ரேஷனில் வந்தது. எந்த டேபிள் எங்கே உருவாகலாம் என்று சொல்லும் 'அலவ் மைக்ரேட்' பகுதியில் ஆப் பெயரை 'செஷன்ஸ்' என்பதற்குப் பதில் 'செஷன்' என்று எழுதிவிட்டேன். மைக்ரேட் கட்டளை எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. தளத்தைத் திறந்தால் டேபிளே இல்லை என்கிறது. எழுத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறது! ரவுட்டர் மறுத்தாலும், டேபிளை உருவாக்காமலே அந்த மைக்ரேஷன் முடிந்ததாக ஜாங்கோ குறித்துவைத்துவிடும். இதற்கே ஒரு மாலை முழுக்கப் போனது. புது டேட்டாபேஸைக் குறிப்பிட்டு, செஷன்ஸ் ஆப்பை 'ஃபேக்' முறையில் (டேபிளைத் தொடாமல் அந்தக் குறிப்பை மட்டும் அழித்து) ஜீரோவுக்குக் கொண்டுபோய், திரும்ப மைக்ரேட் செய்ததும் டேபிள் வந்தது.

டெஸ்டுகளும் விழுந்தன. ஜாங்கோ டெஸ்ட் கிளாஸ் டிஃபால்ட் டேட்டாபேஸை மட்டும்தான் தொட விடும். லாகின் செய்யும் ஒவ்வொரு கிளாஸிலும் புதிய டேட்டாபேஸ் பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது.

மாற்றிய இரவு தளத்தைச் சில நிமிடம் நிறுத்தி, காலாவதியாகாத செஷன் வரிகளை மட்டும் புதிய சர்வருக்கு நகலெடுத்தோம். செஷன் டேட்டாவில் கையெழுத்திடும் சீக்ரெட் கீ மாறாததால் பழைய செஷன்கள் அப்படியே செல்லுபடியாயின. காலாவதியான செஷன்களை ஜாங்கோ தானாக நீக்காது என்பதால், 'கிளியர் செஷன்ஸ்' கட்டளையைத் தினமும் அதிகாலையில் ஓடும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டேன்.

பிறகு அந்த 5 நொடி தாமத ரெப்ளிகாவோடு சோதனைச் சர்வரில் மறுபடி லாகின் செய்து பார்த்தேன். விண்ணப்பப் பக்கம் வந்தது. ரெஃப்ரெஷ் செய்தேன், லாகின் அப்படியே இருந்தது. பாதி நிரப்பிய பெயரும் பிறந்த தேதியும் அதே இடத்தில் இருந்தன.