ஃபோர்சிபிளா, ஃபோர்ஸ்ஃபுல்லா?

மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் வளர்ந்த தமிழர்களுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. 'ஜபர்தஸ்த்' என்றால் பிரமாதம், 'ஜபர்தஸ்தி' என்றால் பலவந்தம். இதை யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ஆனால் வீட்டிலிருந்து பலவந்தமாக வெளியேற்றியதைப் பற்றி ஹவுசிங் சொசைட்டிக்கு ஆங்கிலத்தில் புகார் எழுத உட்கார்ந்தால் 'ஃபோர்ஸ்ஃபுல் எவிக்‌ஷன்' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே வரவேண்டியது 'ஃபோர்சிபிள்'.

ஃபோர்ஸ்ஃபுல் ஆளுக்கும் பேச்சுக்கும் உரியது. அழுத்தந்திருத்தமான வாதம், ஆளுமையுள்ள தலைவர். பெரும்பாலும் பாராட்டுதான். ஃபோர்சிபிள் செயலுக்கு உரியது: எதிர்ப்பையோ தடையையோ மீறி, உடல் பலத்தால் நடந்தது. பூட்டை உடைத்து நுழைந்தால் ஃபோர்சிபிள் என்ட்ரி. முதல் அசையில் அழுத்தம். ஸ்பெல்லிங்கில் 'ஏபிள்' (able) என்று முடித்து எழுதுவதும் உண்டு. வேண்டாம், அங்கே வருவது 'ஐ' (forcible).

ஃபோர்ஸ்டு வேறு. ஃபோர்ஸ்டு லேண்டிங்கில் யாரும் விமானியின் கையை முறுக்கவில்லை, வேறு வழியில்லாமல் இறக்குகிறார், அவ்வளவுதான்.

அடிக்கடி சறுக்குகிற இடம் இன்னொன்று: 'வீட்டுக்காரர் ஃபோர்சிப்ளி காலி பண்ணச் சொன்னார்'. சொல்வதில் ஏது கைபலம்? நம் 'கட்டாயப்படுத்தி' மிரட்டலையும் தாங்கும், இழுத்து வெளியே தள்ளுவதையும் தாங்கும்; ஆங்கிலச் சொல் பின்னதைத்தான் தாங்கும். மிரட்டினார் என்றால் 'த்ரெட்டன்' என்றே எழுதுங்கள். தமிழில் 'வலுக்கட்டாயமாக' பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்த 'வலு' இருந்தால் ஃபோர்சிபிள். வெறும் கட்டாயம், ஹெல்மெட் கட்டாயம் மாதிரி, கம்பல்சரி.

இது வெறும் இலக்கண வம்பு இல்லை. கொள்ளைக் காப்பீட்டு பாலிசிகளில் 'ஃபோர்சிபிள் அண்ட் வயலன்ட் என்ட்ரி' என்ற வரி வரும். 2004-ல் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில், அப்படியொரு பாலிசியில் பலமோ வன்முறையோ இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திறந்து கிடந்த கதவு வழியாகவோ கள்ளச்சாவி போட்டோ வந்து அள்ளிக்கொண்டு போனால் சிக்கல்தான். எனவே கிளெய்ம் கடிதத்தில் அந்த அடைமொழியை மட்டும் போட்டுவிட்டு நிற்காதீர்கள். நாதாங்கி வளைந்தது, ஸ்க்ரூ பிடுங்கியது, ஜன்னல் கிரில் அறுபட்டது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். போலீஸ் பஞ்சநாமா (சாட்சிகள் முன் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) முடியும்வரை உடைந்த பூட்டைத் தொடாதீர்கள், புதுப் பூட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.