கற்பிக்கும் பாறைகள்

நேற்று அம்மாவை அழைத்துக்கொண்டு கனடாவில், ஒன்டாரியோவின் பெட்ரோகிளிஃப்ஸ் மாகாணப் பூங்காவுக்குப் போய்வந்தேன். பீட்டர்பரோ நகருக்கு வடகிழக்கே, பைன் காட்டுக்குள் இருக்கிறது.

சாய்ந்து கிடக்கும் ஒரே வெண்பளிங்குப் பாறை. அதன்மேல் ஆமைகள், பாம்புகள், பறவைகள், படகுகள், மனிதர்கள் என ஏறத்தாழ 900 செதுக்கல்கள். அதைவிடக் கடினமான கல்லைக் கையில் பிடித்து, தட்டித் தட்டியே செதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் இதைக் 'கற்பிக்கும் பாறைகள்' என்று அழைக்கிறார்கள். 1954-இல் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்கு இது என்றுமே தொலைந்துபோனதில்லையே!

பனியும் மழையும் அரிக்காமலிருக்க, 1984-இல் பாறையைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பினார்கள். உள்ளே படமெடுக்கக் கூடாது. இது அனிஷினாபே மக்களின் வழிபாட்டுத் தலம். அதனால் இந்தப் பதிவில் படம் இல்லை. கேமராவைப் பையில் வைத்துவிட்டதால் ஒவ்வொரு செதுக்கலையும் நின்று பார்த்தேன். பாறையின் பிளவுகளுக்கு அடியில் சில காலங்களில் நீரோடும் ஒலி கேட்குமாம். அம்மா ஆமை உருவத்தின் எதிரே வெகுநேரம் கைகூப்பி நின்றார். நான் எதுவும் பேசவில்லை.

பிறகு நடைபாதை வழியாக மெக்கின்னிஸ் ஏரி. அதன் மேல்நீரும் அடிநீரும் முழுவதுமாக ஒருபோதும் கலப்பதில்லை. பச்சையும் நீலமுமான அந்த நிறத்தை எப்படிச் சொல்வது? மயில் கழுத்து என்றார் அம்மா.

குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அக்டோபர் நடுப்பகுதிக்குள் போய்வாருங்கள். நல்ல நடைக் காலணி அவசியம்.